ஆமை வண்டியின் வயிறு

வேற்றுக் கிரகத்தில் ஓட வேண்டிய வண்டியை நான் அடுப்படியில் வெந்நீரில் ஊற வைத்துக்கொண்டிருந்தபோது முதலாளியின் போன் வந்தது. முதலாளி என்றால் என் தோழிதான். ஒரே பல் லேபில் இருபது வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஊராருக்குப் பல் செட்டு செய்தவர்கள் நாங்கள். இப்போது அவள் வேறு ஊரில் சொந்தமாக லேப் திறந்துவிட்டாள், அதனால் கிண்டலுக்கு முதலாளி. எனக்கென்று ஒரு மேசை இன்னமும் காலியாக வைத்திருப்பதாகவும், ஒன்றாம் தேதிக்குள் வந்து உட்காராவிட்டால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்றும் சொன்னாள். வண்டி முடிந்ததும் கிளம்பிவிடுகிறேன் என்றேன். எந்த வண்டி, அது எப்போது கிளம்புகிறது என்று கேட்டாள் அவள். விளக்கிச் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அண்ணன் கூப்பிட்டுவிட்டான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகள் அவன் கைக்கு அடங்கி ஏறி இறங்கின. பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்தன. நாங்கள் இருக்கிற நாலாம் மாடிக்கு வரும் லிஃப்டும் அதே வருஷம் படுத்துக்கொண்டது. சரிசெய்ய வருகிறவர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே யோசனை சொல்லி, அவர்கள் வந்த வழியே ஓடும்படி செய்துவிடுவான். படி இறங்க அவனால் முடியாது. அவனைத் தனியே விட்டுவிட்டு என்னாலும் அதிக நேரம் இறங்க முடியாது. கீழே காய் வாங்கப் போனால்கூட போனைத் துண்டிக்காமல் கையில் வைத்திருக்க வேண்டும். நான் பேரம் பேசுவதை அவன் மேலே இருந்து திருத்துவான்.

சில நாள் துணைக்கென்றுதான் நான் வந்தேன். மாற்றிக் கட்ட இரண்டு துணி மட்டும் எடுத்து வந்தேன். பிறகு லீவு நீண்டது, லேப் வேலை போனது, வாடகை வீட்டைக் காலி செய்தேன், என் உலகம் முழுக்க இங்கே ஒரு கட்டிலுக்கடியில் வந்து சேர்ந்தது. அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னைக் கட்டினவர் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆயிற்று, பிள்ளையும் இல்லை. அதனால் யாரும் என்னிடம் கேட்கவே இல்லை. உனக்கென்ன, பிள்ளையா குட்டியா என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். கடல் தாண்டி இருக்கிற எங்கள் தம்பி, அவனைச் சின்னவன் என்போம், வாரம் ஒரு முறை போனில் முகம் காட்டி, நீ தெய்வம்க்கா என்பான். தெய்வத்துக்கு லீவே கிடையாது என்பதை அவன் யோசித்ததில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், முதலாளி முதல் தடவை வேலைக்குக் கூப்பிட்டதும் சின்னவன் முரண்டு பிடிக்கவில்லை. அங்கிருந்தபடியே ஓர் ஏஜென்சியில் பேசி அண்ணனைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்தான். அந்த ஆள் வந்து பார்த்துவிட்டும் போனார். கட்டிலோடு சேர்த்து அண்ணனைத் தூக்கிவிடக்கூடிய உடம்பு. வாயை மட்டும் திறக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையசைத்துவிட்டு, பாத்ரூம் கதவு அகலத்தைக் கையால் அளந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனார். நான் எப்போது சொன்னாலும் மறுநாள் வேலைக்கு வரத் தயார் என்று ஏஜென்சியில் சொன்னார்கள்.

அண்ணனும் எதிர்ப்புச் சொல்லவில்லை. "போ பாப்பா, யாரு வேணாம்னா. இத மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போ" என்று அலமாரியின் மேல்தட்டைக் காட்டினான். ஐம்பதைத் தாண்டியவளைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் அவன் ஒருவன்தான் மிச்சம்.

அந்த அலமாரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மற்றவர்கள் பெண்டாட்டியைக் கட்டிக்கொண்டால் இவன் அந்த அலமாரியைக் கட்டிக்கொண்டான். ராக்கெட்டுகள், பறக்கும் தட்டுகள், கால் முளைத்த டாங்கிகள் என்று கதைகளில் வருகிற ஊர்திகளின் மாடல்களாகக் கண்ணாடிக்குள் அடுக்கி வைத்திருப்பான். எல்லாம் அவனே பாகங்களை ஒட்டி, வண்ணம் தீட்டிச் செய்தவை. மேல்தட்டில் இருந்தது மட்டும் பிரிக்காத பெட்டி. நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது டிவியில் வந்த ஏதோ ஒரு வெளிநாட்டுத் தொடரில், சிவப்பு வானத்தின் கீழே ஆறு சக்கரத்தில் ஊர்ந்து போகிற கவசவண்டி ஒன்று வரும். அதன் மாடல். மேலே ஓடு கவிழ்த்த மாதிரி இருப்பதால் நாங்கள் அதை ஆமை என்போம். முதல் சம்பளத்தில் எங்கோ தேடி வாங்கி, கை இன்னும் தேறட்டும், இன்னும் தேறட்டும் என்று பிரிக்காமலே வைத்திருந்தான். கை தேறி என்ன, இப்போது அந்தக் கையே இல்லை.

அது வினைல் மாடல். மற்ற மாடல்களில் பலவற்றைப் போலக் கெட்டி பிளாஸ்டிக் அல்ல, குழந்தைகள் கடிக்கிற பொம்மை மாதிரி உள்ளே வெற்றாக, அழுத்தினால் நெளிகிற பாகங்கள். பெட்டிக்குள் இத்தனை வருஷம் கிடந்ததில் எல்லாம் கோணிப் போயிருந்தன. ஓடு ஒரு பக்கம் சப்பி, சக்கரங்கள் முட்டை வடிவில் கிடந்தன. இது இனி எதற்கும் உதவாது என்றேன். அண்ணன் அலட்டிக்கொள்ளவில்லை, வெந்நீரில் போடு என்றான். போட்டேன். சக்கரம் தானாகவே மெல்ல வட்டத்துக்குத் திரும்பியது. எடுத்துப் பச்சைத் தண்ணீரில் அமிழ்த்தினால் அப்படியே நின்றுவிடுகிறது. நான் வாய் பிளந்து பார்த்தேன். வினைலுக்கு ஞாபகசக்தி அதிகம், நம்ம வீட்டுப் பெண்களைப் போல என்றான் அண்ணன்.

வேலை எனக்குப் பிடித்துப்போனது என்பதை மறைக்க மாட்டேன். அச்சில் ஒட்டிய எண்ணெய் போக சோப்பு போட்டுக் கழுவுவது, ஹேர் டிரையரால் சூடு காட்டி ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் வேண்டாத வினைலைக் கத்தியால் சீவுவது, ஒட்டுவது, ஒட்டிய கோட்டின் மேல் புட்டி பூசி உப்புத்தாளால் தேய்ப்பது. பல் வேலையும் இதே சூடு, இதே சீவல், இதே தேய்ப்புத்தான். என் விரல்கள் நீண்ட தூக்கத்திலிருந்து எழுந்துகொண்டன. கட்டைவிரல் அளவு ஓட்டுநர்கள் இருவர் உண்டு. இருவரும் வாயை மூடிக்கொண்டிருந்ததால் பல் வைக்க வழியில்லை என்று சொல்லி அண்ணனைச் சிரிக்க வைத்தேன்.

சிரிப்பு அதோடு சரி. அடுத்த நாளிலிருந்து நொள்ளை ஆரம்பமானது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான். ஒட்டு தெரிகிறது, தேய். தேய்த்தால், பள்ளமாகிவிட்டது, புட்டி வை. புட்டி வைத்தால், மேடாகிவிட்டது, தேய். மூன்றாவது சக்கரம் மற்றதைவிட மயிரிழை உள்ளே போயிருக்கிறது, சூடு காட்டிப் பிரித்து மறுபடி வை. சாம்பல் நிற அடிப்பூச்சு அடித்து முடித்த பிறகு, இந்தச் சாம்பல் வேண்டாம், கழுவிவிடு என்றான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கழுவினேன். நாற்காலியை ஜன்னலுக்கு நேராக நகர்த்தச் சொல்லி, வண்டியை இடது கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பெருமூச்சு விட்டு என்னிடம் நீட்டுவான். அந்தப் பெருமூச்சைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

இழுத்தடிக்கிறான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. என்னதான் செய்வது. நோயாளியோடு சண்டை போட்டால் ஜெயித்தாலும் நமக்குத்தான் அசிங்கம். ஒன்றாம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. முதலாளி தினம் ஒரு படம் அனுப்புவாள். புது லேப், வெள்ளைச் சுவர், எனக்கு வைத்திருக்கும் மேசை, அதன் பக்கத்தில் பெரிய பெரிய மெஷின்கள். ஜோராக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பேன். இந்த அறை, அந்த அடுப்படி, நடுவில் ஆறடி வராந்தா. சாயங்காலமானால் மூச்சு முட்டும். யாரும் பூட்டவில்லை, கதவு திறந்துதான் இருக்கிறது, ஆனாலும் செருப்பை மாட்டினால் பின்னாலிருந்து பாப்பா என்று குரல் வரும்.

மேல் ஓட்டையும் அடிவயிற்றையும் சேர்த்து ஒட்டி, அந்த ஒட்டுக்கோட்டை அவனே குறை சொல்ல முடியாதபடி நான் தேய்த்து முடித்த அன்று, புதிதாக ஒன்றைக் கிளப்பினான். வண்டி கனமில்லாமல் இருக்கிறதாம். தட்டினால் டப்பா சத்தம் வருகிறதாம். "உள்ள பிளாஸ்டர் ஊத்து. உன் வேலைதானே அது" என்றான்.

என் வேலைதான். பின்கதவு ஒட்டுவதற்காக விட்டிருந்த துளை வழியாக ஊற்றிவிடலாம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முதல் முறையாக அவன் எனக்குத் தெரிந்த வேலையைச் சொல்லியிருக்கிறான். பிளாஸ்டர் இறுகினால் பின்கதவு, வண்ணம், அவ்வளவுதான், நான் பையைத் தூக்கிவிடலாம்.

லேபில் பிளாஸ்டர் சீக்கிரம் இறுக நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். பழைய இறுகிய பிளாஸ்டரைப் பொடி செய்து தண்ணீரில் கலக்கி, ஒரு சிட்டிகை உப்பும் போட்டுவிட்டால் போதும், கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கல்லாகிவிடும். அவசர செட்டுக்கெல்லாம் அப்படித்தான். அன்றைக்கும் அப்படியே கலந்தேன். அண்ணன் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் கரண்டி பிடிக்கிற கோணத்துக்குக்கூடக் கருத்துச் சொல்கிறவன், அன்று மூச்சு விடவில்லை. உப்பு டப்பாவைத் திறந்தபோது வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். கடைசியில் திருப்திதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கிண்ணத்தில் இருந்த மொத்தத்தையும் ஒரே மூச்சில் ஆமையின் வயிற்றில் ஊற்றினேன்.

கை கழுவிவிட்டு வருவதற்குள் அறையில் புது பொம்மை வாசனை அடித்தது. வண்டியைத் தொட்டால் சுட்டது. இறுகுகிற பிளாஸ்டர் சூடாகும். மெல்லியதாக இருந்தால் கை வெதுவெதுப்பு, இத்தனை கனமாக, இத்தனை வேகமாக இறுகினால் கொதிப்பு. அந்தச் சூட்டில் பழைய வினைல் இளகி, பிளாஸ்டரின் பாரம் தாங்காமல் வயிறு தொங்கிவிட்டது. சக்கரங்கள் அகட்டிக்கொண்டன. நான் நாள்கணக்கில் தேய்த்த ஒட்டு ஒரு பக்கம் முழுக்க வாய் திறந்தது. ஓடிப் போய் வாளித் தண்ணீரில் அமிழ்த்தினேன். அதற்குள் உள்ளே கல்லாகிவிட்டிருந்தது. இனி வெந்நீரில் போட்டாலும் பழைய வடிவத்துக்குத் திரும்ப அந்தக் கல் விடாது.

தரையில் உட்கார்ந்து அழுதேன். இப்படியொரு பொருள் இன்னொன்று கிடைக்காது. ஒரு வாழ்நாள் பிரிக்காமல் வைத்திருந்ததை என் கையால் நாசமாக்கிவிட்டேன். வாய்க்கு வந்தபடி என்னையே திட்டிக்கொண்டேன்.

அண்ணன் கோபப்படவில்லை. பரவாயில்லை பாப்பா என்று மெதுவாகச் சொன்னான். பிளாஸ்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து எடுத்துவிடலாம், வினைலை மறுபடி வெந்நீரில் போட்டுச் சரிசெய்யலாம், மாசம் இரண்டு மாசம் ஆகும், ஆகட்டுமே, ஒன்றும் அவசரமில்லை என்றான். முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தான். மயிரிழைக் கோட்டுக்கு என்னை ஒரு வழி பண்ணியவன்.

அந்த அன்புதான் எனக்கு உதைத்தது. அழுகை பாதியில் நின்றது. எழுந்து போய் அலமாரியைத் திறந்து, அவன் கையிருந்த காலத்தில் செய்த வினைல் மாடல்களில் ஒன்றை, கால் முளைத்த டாங்கியை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினேன். உள்ளே மணல் சரிந்தது. இன்னொன்றை எடுத்தேன், அதிலும் மணல். கனத்துக்கு மணல்தான் போட்டிருக்கிறான். ஒன்றில்கூடப் பிளாஸ்டர் இல்லை.

"சூட்டுல தொங்கும்னு உனக்குத் தெரியும்" என்றேன்.

பக்கவாதத்துக்குப் பிறகு அவன் பேச்சே இழுத்து இழுத்துத்தான் வரும். "தெரியும்."

"எதுக்குச் சொல்லல?"

"சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். முடிஞ்சா நீ போயிருப்ப."

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எல்லாம் எழுத முடியாது. உன் பொம்மையையும் உன்னையும் சேர்த்துக் குளிப்பாட்டியவள் நான் என்றேன், ஆள் வைத்தாயிற்று, உனக்கு என்ன குறை என்றேன், நீ படுத்தது போதாதென்று என்னையும் பக்கத்தில் படுக்கப் போடப் பார்க்கிறாயா என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தான். அந்த ஆள் நல்லாத் தூக்குவாரு, ஆனா எங்கூட இப்படிச் சண்டை போடுவாரா என்று கேட்டான். நாளைக்கே கிளம்புகிறேன், ஆமை அப்படியே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்கடியில் இருந்து பையை இழுத்தேன்.

"பாப்பா" என்றான். "நான் செஞ்சது அயோக்கியத்தனம்தான். ஆனா நீ இருபது வருஷம் பிளாஸ்டர் கலக்கினவ. அது சுடும்னு உனக்குத் தெரியாதா?"

பையின் ஜிப் பாதியில் நின்றது. சொல்ல எவ்வளவோ இருந்தது. அவசரம், எரிச்சல், பழக்கதோஷம். லேபில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் பாடமே அதுதான். இறுகுகிற கட்டியைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வோம். எத்தனையோ பேர் கன்னத்தில் நானே வைத்திருக்கிறேன். மெழுகுக்குப் பக்கத்தில் அவசரப் பிளாஸ்டரைக் கொண்டுபோனவளை மேசையைத் தட்டித் திட்டியிருக்கிறேன். உப்பைப் போடும்போது இது எனக்கு ஞாபகம் வந்ததா இல்லையா என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. ஆனால் வண்டி வயிறு தொங்கியதைப் பார்த்த அந்த முதல் கணத்தில், அழுகைக்கு முன்னால், எனக்குள் ஏதோ ஒன்று அப்பாடா என்று உட்கார்ந்தது. அது தெரியும்.

அவன் பக்கம் திரும்பாமலே பேசினேன். "எனக்குப் பயமா இருக்குண்ணா. அவ அனுப்பின படத்துல எல்லாம் மெஷின். வாயக் கம்ப்யூட்டர் படம் புடிக்குது, பல்ல மெஷின் வெட்டுது. நான் கத்துக்கிட்டது ஒண்ணும் அங்க இல்ல. போய் உக்காந்த அன்னிக்கே எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிடும். என்னச் சேத்துக்கிட்டோமேன்னு நெனப்பா."

இதை யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமே சொன்னதில்லை. உன்னால்தான் நான் போக முடியவில்லை, உன்னால்தான் நான் போக முடியவில்லை என்று இத்தனை நாள் மனசுக்குள் அவனைத் திட்டிக்கொண்டிருந்தது எத்தனை வசதியாக இருந்திருக்கிறது என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

அண்ணன் ஆமையைப் பார்த்தான். பிறகு உன் போனைக் கொடு என்றான். சின்னவனைக் கூப்பிட்டு என்னைப் பற்றிப் புகார் செய்யப்போகிறான் என்று நினைத்துக் கொடுத்தேன். மடியில் வைத்து இடது கட்டைவிரலால் தடவினான். அந்த விரலுக்கு இன்னும் பழகவில்லை, ஒன்றைத் தொட்டால் வேறொன்று திறக்கும். கேமரா திறந்தது. மூடினான். முதலாளி அனுப்பிய படம் ஒன்று திறந்தது, மெஷின்களும் மேசையும். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அதையும் மூடிவிட்டுப் பெயர்களை ஒவ்வொன்றாக நகர்த்தத் தொடங்கினான். முதலாளி என்ற பெயர் தெரிந்ததும்தான் எனக்குப் புரிந்தது.

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. கை நீட்டினால் எட்டுகிற தூரம். அவன் பிடியில் பலமில்லை, குழந்தைகூடப் பிடுங்கிவிடும். அழுத்தினான், தவறியது. மறுபடி அழுத்தினான், வேறு யாருக்கோ போய், துண்டிக்கத் தெரியாமல் தடுமாறி, அதுவே நின்றது. மூன்றாவது தடவை மணி அடிப்பது எனக்கும் கேட்டது. போனைத் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டான். அவள் பாட்டுக்கு நான்தான் என்று நினைத்து ஏதோ பேசிக்கொண்டே போனாள்.

"நான் அவ அண்ணன் பேசறேன்" என்றான். "நாளைக்கு அவ கெளம்பறா. வண்டி முடிஞ்சிடுச்சு. அந்த மெஷினெல்லாம் அவளுக்குத் தெரியாது, பயப்படறா. சொல்லிக் குடும்மா. நீ திட்டினா அவ திருப்பித் திட்டுவா, பொறுத்துக்கோ. கை நல்ல கை."

அந்தப் பக்கம் அவள் என்னவோ கேட்டாள். இவன் ம், ம் என்று கேட்டுக்கொண்டான். எனக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று சந்தோஷம் வரவில்லை. பிடித்து வெளியே தள்ளிவிட்ட மாதிரிதான் இருந்தது, அவன் மேல் கொலைக்கோபம் வந்தது. அவன் கண்ணிலிருந்து நீர் இறங்கித் தாடைக்கு வந்தது. இருக்கிற ஒரு கையிலும் போன் இருந்ததால் அவனால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. நானும் துடைத்துவிடப் போகவில்லை. போயிருந்தால் போனைத்தான் பிடுங்கியிருப்பேன்.